விளக்கேந்திய கையில் பதிவேடு

அருளுள்ளம் ஒன்றே நோயாளரைக் காக்கும் என்று எண்ணுவோர் பலர். அருளுள்ளம் வேண்டும், ஆயின் அது மட்டும் போதாது. எத்தனை பேர் நோயுற்று வந்தனர், அவருள் எத்தனை பேர் நலம் பெற்றுத் திரும்பினர், எத்தனை பேர் எக்காரணத்தால் மடிந்தனர் என்று எண்ணிப் பார்க்கும் அறிவும் அதனோடு சேர்ந்தால்தான் அடுத்து வரும் நோயாளர் பிழைப்பர். இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தி, மருத்துவமனைப் பணியாளருக்கும் ஆட்சியாளருக்கும் உணர்த்த முயன்றவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். இரவில் விளக்கேந்தி நோயாளரிடையே உலவிய அவரது உருவத்தை உலகம் அறியும். அவர் கையில் இருந்த பதிவேட்டை அறிந்தோர் சிலரே. அப்பதிவேட்டின் வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில், செல்வ வளம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. தந்தையார் வில்லியம் எட்வர்டு நைட்டிங்கேல் தாமே ஆசிரியராக அமர்ந்து கிரேக்கம், இலத்தீன், வரலாறு, மெய்யியல் ஆகியவற்றைத் தம் பெண்மக்கள் இருவருக்கும் கற்பித்தார். இளைய மகளான பிளாரன்சுக்குக் கணக்கின்மீது தணியாத வேட்கை இருந்தது. உயர்குடிப் பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று அன்னையார் தடுத்தார். மகளின் விடாமுயற்சியே வென்றது.

செவிலியர் பணி அந்நாளில் மதிப்பற்ற தொழிலாகக் கருதப்பட்டது. குடும்பத்தாரின் எதிர்ப்பைக் கடந்து, 1851இல் செருமனி நாட்டுக் கைசர்சுவெர்த்தில் அவர் மூன்று திங்கள் பயிற்சி பெற்றார். 1853இல் இலண்டன் ஹார்லி தெருவில் பெண்களுக்கென நடைபெற்ற சிறு மருத்துவ நிலையம் ஒன்றின் கண்காணிப்பாளரானார்.

ஸ்குட்டாரியில் கண்ட அவலம்

உருசியாவுக்கும் உதுமானியப் பேரரசுக்கும் 1853இல் போர் மூண்டது. மறு ஆண்டில் பிரிட்டனும் பிரான்சும் உதுமானியர் பக்கம் நின்று போரில் இறங்கின. இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையில் ஸ்குட்டாரி என்னும் இடத்தில் இருந்த செலிமிய்யாப் படைவீடு பிரித்தானியப் படையினரின் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. 1854 நவம்பர் 4ஆம் நாள் அம்மையார் 38 செவிலியருடன் அங்குச் சென்று சேர்ந்தார்.

கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. காற்றோட்டம் இல்லை, துணி, பாத்திரம், உணவு எதுவும் போதவில்லை. இவற்றைக் காண்பதற்குக் கண் போதும். கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு சீர்கேட்டையும் அம்மையார் கண்டார். இறந்தோர் எண்ணிக்கை மூன்று வேறு பதிவேடுகளில் எழுதப்பட்டு வந்தது. அம்மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எத்தனை பேர் இறந்தனர் என்பதையே அறியாத நிருவாகம், ஏன் இறந்தனர் என்பதை எவ்வாறு அறியும்?

1855 பிப்ரவரியில் அங்கு மருத்துவம் பெற்றோருள் ஏறத்தாழ 42 விழுக்காட்டினர் மாண்டனர். மார்ச்சுத் திங்களில் இலண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணையத்தார் கால்வாய்களைக் கழுவித் திறந்தனர். அழுகிய விலங்குடல்களை அகற்றினர். காற்று நுழைய வழி செய்தனர். சூன் திங்களில் இறப்பு 2 விழுக்காட்டளவிற்குத் தாழ்ந்தது. செவிலியரின் அன்பும் உழைப்பும் பெரியவையே. ஆயினும் சாக்கடையைத் திறந்ததும் சாவு குறைந்தது என்னும் பாடத்தை அவ்வெண்கள் உரைத்தன. அம்மையார் அப்பாடத்தைத் தம் பெருமைக்காக மறைத்தாரல்லர். அதனையே தம் எஞ்சிய வாழ்நாளின் பணியாக ஏற்றார்.

எண்களுக்கு வடிவம் தந்தவர்

1856இல் தாயகம் திரும்பிய அவர் வில்லியம் ஃபார் என்னும் அறிஞரின் துணையைப் பெற்றார். ஃபார், இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவுத் துறையில் புள்ளிவிவரங்களைத் தொகுத்து வந்தவர். இருவரும் படைப் பதிவேடுகளை மாதவாரியாக ஆராய்ந்தனர். 1855 சனவரி ஒரு திங்களில் மட்டும் தடுக்கத்தக்க நோய்களால் 2,761 பேரும், போர்க்காயங்களால் 83 பேரும், பிற காரணங்களால் 324 பேரும் இறந்திருந்தனர். பகைவரின் குண்டைவிடத் தம் மருத்துவமனையின் அழுக்கே படையைக் கொன்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எண்ணிறந்த பட்டியல்களை அமைச்சர்கள் படிக்கமாட்டார்கள் என்பதை அம்மையார் அறிந்திருந்தார். எனவே வட்டத்தைப் பன்னிரு திங்களுக்குப் பன்னிரு கூறாகப் பிரித்து, இறப்பின் அளவிற்கு ஏற்பப் பரப்பு விரியுமாறு படம் வரைந்தார். தடுக்கத்தக்க நோய்க்கு நீலம், காயத்திற்குச் சிவப்பு, ஏனையவற்றுக்குக் கருப்பு என நிறம் தீட்டினார். நீலம் விரிந்து பரந்திருப்பதையும் சிவப்பு மையத்தில் ஒடுங்கியிருப்பதையும் கணக்கறியாதோரும் ஒரு நொடியில் உணர்ந்தனர். 1858இல் வெளிவந்த இப்படங்கள் புள்ளியியல் வரலாற்றில் அழியா இடம் பெற்றன. அவ்வாண்டிலேயே இலண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதற்பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

படுக்கையருகே தொடங்கும் கல்வி

பிறர் எழுதியவற்றை ஆராய்வதோடு அவர் அமைதியுறவில்லை. எழுதுவோர் தேர்ச்சி பெற்றாலன்றி எண் தேர்ச்சி பெறாது என உணர்ந்தார். 1860இல் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. நோயாளரின் நாடித்துடிப்பு, தோல், பசி, உறக்கம் முதலியவற்றைக் கூர்ந்து நோக்குதல் அங்கே பயிற்சியின் இன்றியமையாப் பகுதியாயிற்று. பயிற்சி பெறுவோரின் ஒழுக்கமும் தொழில் தேர்ச்சியும் மாதந்தோறும் தனித்தனித் தலைப்புகளில் குறித்து வைக்கப்பட்டன. அளந்து பார்க்கக் கற்கும் மாணவியும் அளந்து பார்க்கப்பட்டாள்!

செவிலியர் பணி பற்றி அவர் எழுதிய நூலில் சராசரி குறித்து அரியதோர் எச்சரிக்கை உண்டு. ஒரு மாநகரில் 1000 பேருக்கு இத்தனை பேர் இறக்கின்றனர் என்று கேட்டு மனநிறைவு கொள்ளலாகாது; எந்தத் தெருவில், எந்த வீட்டில் சாவு மிகுதி என்று தேடிச் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். சராசரி என்னும் போர்வைக்குள் ஏழையின் வீடு மறைந்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதே 1860இல் இலண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டில், எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான பதிவுப் படிவங்களை அவர் முன்மொழிந்தார். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்தோர், புதிதாகச் சேர்ந்தோர், நலம் பெற்றோர், நலம் பெறாது சென்றோர், இறந்தோர், தங்கிய நாள்களின் சராசரி ஆகியவை அவற்றில் இடம்பெற்றன. இலண்டன் மருத்துவமனைகள் சில அவற்றைக் கையாண்டு பார்த்தன. எனினும் அவற்றை நிரப்பும் உழைப்பைத் தொடர்ந்து தாங்க இயலாமையால் அத்திட்டம் நாளடைவில் கைவிடப்பட்டது. பயிற்றப்பட்ட கைகள் இன்றிப் படிவம் மட்டும் பயன்தராது என்பதற்கு இஃதொரு சான்று.

பகுதி பிழைத்தால் கணக்கும் பிழைக்கும்

அம்மையாரும் தவறாதவர் அல்லர். 1863இல் வெளியிட்ட மருத்துவமனை பற்றிய நூற்பதிப்பில், ஃபார் கணித்த பட்டியல் ஒன்றைச் சேர்த்தார். அதன்படி இலண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு 90 விழுக்காட்டிற்கும் மேல்! ஆண்டு முழுவதும் இறந்தோரின் தொகையை, ஆண்டு முழுவதும் சேர்ந்தோரின் தொகையால் வகுக்காமல், ஒரே நாளில் படுக்கையில் இருந்தோரின் தொகையால் வகுத்ததன் விளைவு அது. மருத்துவ இதழ்கள் கடுமையாகச் சாடின. தொகுதி சரியாக இருந்தும் பகுதி தவறினால் உண்மையே பொய்யாகிவிடும் என்பதைக் கற்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

தம் நிறுவனத்தையே எடைபோட்டவர்

அவரது நேர்மைக்கு உரைகல்லாக அமைந்தது மற்றொரு நிகழ்ச்சி. மருத்துவச்சியரைப் பயிற்றுவதற்காக அவரது நிதியின் துணையுடன் கிங்சு கல்லூரி மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவு ஒன்று நடைபெற்றது. அங்கே பிள்ளை பெற்ற தாய்மாருள் 1000க்கு ஏறத்தாழ 33 பேர் இறந்தமை தெரியவந்தது. வீடுகளில் பிள்ளை பெற்றோரிடையே அது 1000க்கு ஏறத்தாழ 5 மட்டுமே. 1867இல் அப்பிரிவு மூடப்பட்டது. அம்மையார் அதனோடு அமையாது, பல நாடுகளின் மகப்பேற்று நிலையக் கணக்குகளைத் திரட்டி 1871இல் நூலாக வெளியிட்டார். தம் பெயரோடு தொடர்புற்ற நிறுவனத்தின் தோல்வியை உலகறியப் பதிவு செய்யும் துணிவு எத்துணைப் பேருக்கு வாய்க்கும்?

இந்தியாவும் இறுதி நாள்களும்

இந்திய மண்ணை அவர் மிதித்ததில்லை. ஆயினும் இந்தியாவின் படை நிலையங்கள் தோறும் வினாப்படிவங்களை அனுப்பி விடைகளைத் திரட்டினார். இங்கிருந்த பிரித்தானியப் படையினரில் ஆண்டுக்கு 1000க்கு 69 பேர் இறப்பதை 1863இல் வெளிவந்த அரச ஆணைய அறிக்கை வெளிப்படுத்தியது. அதன் பயனாகச் சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. படையினரிடம் தொடங்கிய அக்கறை, பின்னர் இந்திய உழவர், சிற்றூர், நீர்ப்பாசனம், பஞ்சம் என விரிந்தது.

புள்ளியியலைப் பயன்படுத்தும் முறையைக் கற்பிக்க ஆக்சுபோர்டில் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவ 1891இல் முயன்றார், அது கைகூடவில்லை. நெடுங்காலம் நோய்ப்படுக்கையில் இருந்தவாறே இத்தனையும் செய்த அப்பெருமாட்டி, 1910 ஆகசுட்டு 13ஆம் நாள், தம் 90ஆம் வயதில் இலண்டனில் மறைந்தார். அவர் பிறந்த மே 12 உலகச் செவிலியர் நாளாக இன்று கொண்டாடப்படுகிறது.

மாணவச் செல்வங்களே! இந்நாளில் மருத்துவமனைக் கணக்குகள் கணிப்பொறியில் ஏறிவிட்டன. நொடியில் கூட்டிப் பெருக்கிப் படமும் வரைந்து தருகின்றன. ஆயினும் அக்கணிப்பொறி அறிவது, படுக்கையருகே நின்ற ஒருவர் பார்த்துப் பதிவு செய்ததை மட்டுமே. அவர் கவனிக்காது விட்டதைக் கணிப்பொறி கண்டுபிடிக்காது. அவர் தவறாக வகுத்ததை அது திருத்தாது. ஆகவே செவிலியருக்கும் மருந்தாளருக்கும் சிற்றூர்ச் சுகாதாரப் பணியாளருக்கும் எண்ணவும் ஒப்பிடவும் ஐயுற்று வினவவும் கற்பித்தல் உயிர் காக்கும் கல்வியேயாகும். பதிவேட்டில் உள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரு தாயின் மகன், ஒரு குழந்தையின் தாய் என்பதை மறவாதவரே அவ்வெண்ணைப் பிழையின்றி எழுதுவர்.