இரண்டு முறை உருகிய படிகம்!



மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்திருக்கும். சிறிது நேரம் வெயிலில் வைத்தால் உருகித் தெளிந்துவிடும். உருகிய எண்ணெய் மறுபடியும் ஒரு முறை உருகுமா? உருகாது அல்லவா?

ஆனால், ஒரு பொருள் இரண்டு முறை உருகியதைத் தம் கண்ணால் கண்டார் ஒருவர். அது மட்டுமல்ல, ஆறும்போது அந்தப் பொருள் நிறமும் காட்டியது! அவர்தான் ஃபிரெட்ரிக் ரெய்னிட்சர். கால்குலேட்டரில் எண்களைக் காட்டுகிறதே, 'திரவப் படிகம்', அதன் கதை இவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

ரெய்னிட்சர் 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி பிராக் நகரில் பிறந்தார். இன்று செக் குடியரசின் தலைநகராக இருக்கும் அந்த ஊர், அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. ஜெர்மன் மொழி பேசும் குடும்பம் அவருடையது. அவர் படித்தது வேதியியல். ஆனால் ஆர்வமெல்லாம் செடி கொடிகள் மீதுதான். தாவரங்களுக்குள் என்னென்ன வேதிப்பொருட்கள் இருக்கின்றன என்று ஆராய்வதையே தம் வேலையாக்கிக் கொண்டார்.

கேரட்டில் கொலஸ்டிராலைப் போன்ற ஒரு பொருள் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் கொலஸ்டிரால் எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். அதில் 27 கார்பன், 46 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் இருப்பதை ரெய்னிட்சர் சரியாகக் கணக்கிட்டார். இந்த ஆராய்ச்சியின்போது, 1888-ஆம் ஆண்டு, 'கொலஸ்டிரைல் பென்சோயேட்' என்ற பொருளை எடுத்துச் சூடாக்கினார். பார்ப்பதற்கு அது வெண்மையான படிகம்.

தூய்மையான பொருள் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் உருகும். பனிக்கட்டிக்கு அது 0 டிகிரி செல்சியஸ். ரெய்னிட்சரின் படிகம் 145.5 டிகிரியில் உருகியது. ஆனால் திரவம் தெளிவாக இல்லை; நீர் கலந்த பால் போலக் கலங்கலாக இருந்தது. மேலும் சூடாக்கினார். 178.5 டிகிரியில் கலங்கல் சட்டென்று மறைந்து, திரவம் தெளிந்தது. ஆற வைத்தால், நீலமும் ஊதாவும் மின்னி மறைந்தன! திரவம் மீண்டும் கலங்கியது. இன்னும் ஆறி, கெட்டியாகப் போகும் நேரத்தில் மறுபடியும் நிறங்கள் தோன்றின.

ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? பொருளில் ஏதோ அழுக்கு கலந்திருக்கிறது என்ற சந்தேகம்தான் எவருக்கும் வரும். ஒரு எண்ணை மட்டும் எழுதிவிட்டு, மற்றதை விட்டிருந்தால் கேட்க ஆளில்லை. ரெய்னிட்சர் அப்படிச் செய்யவில்லை. இது தமக்குப் பழக்கமில்லாத இயற்பியல் விஷயம் என்பதையும் அவர் உணர்ந்தார்.

அப்போது ஜெர்மனியின் ஆகன் நகரில் ஓட்டோ லேமன் என்ற இயற்பியலாளர் இருந்தார். பொருளைச் சூடாக்கியபடியே பார்க்கக்கூடிய நுண்ணோக்கி அவரிடம் இருந்தது. 1888 மார்ச் 14-ஆம் தேதி ரெய்னிட்சர் அவருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். பொருளின் மாதிரிகளையும் அனுப்பினார். லேமன் பார்த்தார், வியந்தார்! அந்தக் கலங்கல் திரவம் தண்ணீரைப் போல ஓடியது. ஆனால் ஒளியிடம் படிகத்தைப் போல நடந்துகொண்டது. 1889-இல் 'பாயும் படிகங்கள்' என்று அதைப் பற்றி அவர் எழுதினார்.

நிறம் எப்படி வந்தது தெரியுமா, குழந்தைகளே? அதில் சாயம் எதுவும் இல்லை. அதன் மூலக்கூறுகள் அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் சற்றே திரும்பி, சுழல் படிக்கட்டு போல அமைந்திருக்கின்றன. அந்தச் சுழலின் அளவைப் பொறுத்து, வெள்ளை ஒளியில் ஒரு நிறம் மட்டும் திரும்பி வருகிறது. வெப்பம் மாறினால் சுழலின் அளவு மாறும், நிறமும் மாறும். நெற்றியில் ஒட்டிக் காய்ச்சல் பார்க்கும் பட்டைகள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

திரவம் எப்படிப் படிகமாக இருக்க முடியும் என்று பல அறிஞர்கள் ஏற்க மறுத்தார்கள். இது வெறும் கலவைதான் என்றார்கள். விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. யார் முதலில் கண்டது என்ற கேள்வியும் எழுந்தது. 1908-இல் ரெய்னிட்சர் நடந்த வரலாற்றை ஒரு கட்டுரையாக எழுதினார். மற்றபடி அவர் தமக்குப் பிடித்த தாவர ஆராய்ச்சிக்கே திரும்பிவிட்டார். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராகவும், பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார். 1927 பிப்ரவரி 16-ஆம் தேதி அங்கேயே காலமானார்.

தம் கண்டுபிடிப்பால் என்ன பயன் என்பதை அவர் பார்க்கவே இல்லை! 1960-களில்தான், மின்சாரத்தால் இந்த மூலக்கூறுகளைத் திருப்பி எழுத்தும் எண்ணும் காட்டும் முறை உருவானது. 1970-களில் கால்குலேட்டர், கைக்கடிகாரம் என்று வந்து, பிறகு தொலைக்காட்சித் திரை வரை வளர்ந்தது.

நான் ஆசிரியராக இருந்தபோது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். சோதனையில் விடை புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால், பக்கத்து நோட்டைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதிவிடும் பிள்ளைகள் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், செல்வங்களே! கண்டதை அப்படியே எழுதுங்கள். புரியாவிட்டால் வெட்கப்படாமல் தெரிந்தவரிடம் கேளுங்கள். ரெய்னிட்சர் செய்தது இந்த இரண்டும்தானே!