உரிமையும் அரங்கும்: ஜே.சி. வில்லியம்சன் வாழ்வில் இரு நகைச்சுவை நாடகங்கள்

முன்னுரை

நாடகமொன்றின் வரலாறு அதன் பனுவலோடு முடிவதில்லை. அதை யார், எங்கு, எந்த உரிமையின்பேரில் நிகழ்த்தினர் என்பதும் அவ்வரலாற்றின் இன்றியமையாத பகுதியாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியக் குடியேற்றப் பகுதிகளில் நடிகராகவும் பின்னர் அரங்க உரிமையாளராகவும் விளங்கிய ஜேம்ஸ் காசியஸ் வில்லியம்சனின் வாழ்க்கை இதற்குச் சான்றாக அமைகிறது. அவரது வாழ்வைத் திசைதிருப்பிய 'ஸ்ட்ரக் ஆயில்', 'எச்.எம்.எஸ். பினஃபோர்' ஆகிய இரு நாடகங்களின் வழியே, நிகழ்த்துரிமை குடியேற்ற நாட்டு அரங்கை எவ்வாறு வடிவமைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இளமையும் முதல் நாடகமும்

வில்லியம்சன் 1845ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மெர்சர் என்னும் ஊரில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே மேடையேறி, நியூயார்க்கின் வாலக் அரங்கில் பயிற்சி பெற்று, 1871இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா அரங்கில் நகைச்சுவை நடிகராகச் சேர்ந்தார். அந்நகரில் பிறந்த நடிகையும் பாடகியுமான மேகி மூரை 1873இல் மணந்தார்.

அக்காலத்தில் சாம் ஸ்மித் என்னும் சுரங்கத் தொழிலாளி எழுதிய நாடகமொன்றை வில்லியம்சன் 100 டாலருக்கு விலைக்கு வாங்கினார். கிளே கிரீன் என்னும் எழுத்தாளர் அதைத் திருத்தியமைக்க, 'ஸ்ட்ரக் ஆயில்' என்னும் பெயரில் அது மேடை கண்டது. பிறருக்குப் பதிலாக உள்நாட்டுப் போருக்குச் சென்று, அறிவு கலங்கித் திரும்பும் செருப்புத் தொழிலாளி ஜான் ஸ்டோஃபெலின் கதை அது. போருக்குச் சென்றமைக்கு ஈடாக அவன் பெற்ற நிலத்தில் எண்ணெய் ஊற்றெடுக்கிறது. தந்தையாக வில்லியம்சனும் மகள் லிஸ்ஸியாக மேகி மூரும் நடித்தனர்.

மெல்பர்ன் அரங்க முதல்வர் ஜார்ஜ் காப்பின் இவ்விருவரையும் ஆஸ்திரேலியாவுக்கு ஒப்பந்தம் செய்தார். 1874 ஆகஸ்ட் 1 அன்று மெல்பர்ன் தியேட்டர் ராயலில் 'ஸ்ட்ரக் ஆயில்' அரங்கேறிப் பெருவெற்றி பெற்றது. தங்க வேட்டையால் திடீர்ச் செல்வத்தையும் திடீர் வறுமையையும் நேரில் கண்டிருந்த விக்டோரியா மக்களுக்கு, நிலத்தடிச் செல்வத்தால் தலைகீழாகும் ஏழைக் குடும்பத்தின் கதை அயலாகத் தோன்றியிராது எனக் கருதலாம். 1876இல் இந்நாடகம் இலண்டன் அடெல்ஃபி அரங்கையும் எட்டியது.

பினஃபோரும் தடையாணையும்

கில்பர்ட், சல்லிவன் ஆகியோர் படைத்த 'எச்.எம்.எஸ். பினஃபோர்' 1878 மே 25 அன்று இலண்டன் ஒப்பேரா காமிக் அரங்கில் தொடங்கி, 571 முறை நிகழ்த்தப்பட்டது. கடலையே அறியாமல் கடற்படைத் தலைமைக்கு உயர்ந்த சர் ஜோசப் போர்ட்டரையும், கப்பல் தலைவரின் மகள் எளிய மாலுமியின்மேல் கொள்ளும் காதலையும் கொண்டு, பிறப்பால் அமையும் தகுதியை இவ்விசை நாடகம் எள்ளி நகையாடுகிறது.

அமெரிக்காவில் அயல்நாட்டுப் படைப்புகளுக்குச் சட்டப் பாதுகாப்பு 1891 வரை கிடைக்கவில்லை. எனவே படைப்பாளர்க்கு ஒரு காசும் தராமல் அங்குக் குழு பல பினஃபோரை நடத்தின. ஆஸ்திரேலியாவிலும் இதே வழக்கம் தொடங்கியது. 1879இல் கெல்லி–லியோன் குழுவினர் சிட்னியில் அனுமதியின்றி அதை மேடையேற்றினர். ஹோரஸ் லிங்கார்டின் குழுவும் அவ்வாறே செய்தது. ஆனால் இப்பகுதிகள் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டவையாதலின், உரிமையைச் சட்டத்தால் நிலைநாட்ட இங்கு வழி இருந்தது.

300 பவுண்டுக்கு ஆஸ்திரேலிய உரிமையை வாங்கி அதே ஆண்டில் திரும்பிய வில்லியம்சன் நீதிமன்றத்தை நாடிப் போட்டியாளர்க்கு எதிராகத் தடையாணை பெற்றார். 1879 நவம்பர் 15 அன்று சிட்னி தியேட்டர் ராயலில் அவரே சர் ஜோசப்பாகவும் மேகி மூர் ஜோசஃபினாகவும் தோன்ற, உரிமை பெற்ற பினஃபோர் அரங்கேறியது. பிரித்தானியக் கடற்படையின் ஆஸ்திரேலியப் பிரிவு நிலைகொண்டிருந்த துறைமுக நகரில் கடற்படையையே நகையாடும் நாடகம் வரவேற்புப் பெற்றமை கருதத்தக்கது.

நடிகரிலிருந்து நிறுவனத்துக்கு

இவ்வெற்றி வில்லியம்சனின் நிலையை மாற்றியது. நாடகத்தை நன்கு நடிப்பவரைவிட அதை நிகழ்த்தும் உரிமையைக் கைக்கொண்டவரே வலியர் என்பதை அவர் உணர்ந்தார். 1880இல் ராயல் காமிக் ஒப்பேரா குழுவை அமைத்தார். 1882இல் ஆர்தர் கார்னர், ஜார்ஜ் மஸ்குரோவ் ஆகியோருடன் இணைந்தார். இக்கூட்டணி மூவராட்சி என அழைக்கப்பட்டது. 1886 டிசம்பர் 18 அன்று மெல்பர்னில் புதுப்பிக்கப்பட்ட பிரின்சஸ் அரங்கு 'மிக்காடோ' நாடகத்துடன் திறக்கப்பட்டது. 1891இல் பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்ட்டையும் வில்லியம்சன் அழைத்துவந்தார்.

உரிமையின் மறுபக்கத்தையும் இவ்வாழ்வே காட்டுகிறது. மேகி மூர் 1890களின் தொடக்கத்தில் கணவரைப் பிரிந்தார். 1899இல் மணவிலக்கு ஏற்பட்டது. பிரிவுக்குப் பின் மேகி மூர் 'ஸ்ட்ரக் ஆயில்' நாடகத்தைத் தாமே நடத்த முற்பட்டபோது, வில்லியம்சன் நீதிமன்றத்தின் வழியே தடுக்க முயன்று தோற்றார். பினஃபோரில் அயலாரை விலக்கப் பயன்பட்ட அதே கருவி, லிஸ்ஸி என்னும் பாத்திரத்துக்குத் தம் உடலாலும் குரலாலும் உயிர்கொடுத்தவர்மீது செல்லுபடியாகவில்லை. 1919இல் 'ஸ்ட்ரக் ஆயில்' ஆஸ்திரேலியாவில் மௌனப்படமானபோதும் மேகி மூரே அதில் நடித்தார்.

உள்நாட்டு நாடகாசிரியர்களை வில்லியம்சன் நிறுவனம் புறக்கணித்தது என்னும் குற்றச்சாட்டு நெடுங்காலம் நிலவியது. பெர்ட் ராயிலுடன் இணைந்து உருவாக்கிய 'ஜின் ஜின்' (1895) போன்ற களிநாடகங்கள் விதிவிலக்காயினும், இலண்டனிலும் நியூயார்க்கிலும் வெற்றி கண்ட படைப்பின் உரிமையை வாங்குவதே வாணிக நோக்கில் ஆபத்துக் குறைந்த வழியாக இருந்தது. முன்பே புகழ்பெற்ற நாடகம் விலைக்குக் கிடைக்கும்போது, அறியப்படாத உள்ளூர் எழுத்தாளருக்கு மேடை கிடைப்பது அரிதாயிற்று.

நிறைவுரை

வில்லியம்சன் 1913 ஜூலை 6 அன்று பாரிஸில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 1976 வரை இயங்கியது. பினஃபோர் வழக்குகள் படைப்பாளரின் ஊதியத்தைக் குடியேற்றப் பகுதிகளில் உறுதிசெய்தன. அதே வேளையில் எந்த நாடகத்தை மக்கள் காண்பது என்னும் முடிவைச் சிலர் கையில் ஒப்படைத்தன. 100 டாலர் நாடகமோ பனுவலுக்கு உரியவர் ஒருவர், நிகழ்த்துகைக்கு உயிர் தந்தவர் மற்றொருவர் என்னும் சிக்கலை வெளிப்படுத்தியது. ஆகவே அரங்க வரலாற்றை எழுதுவோர் பனுவலோடும் நிகழ்ச்சி விளம்பரங்களோடும் ஒப்பந்தங்களையும் நீதிமன்ற ஆவணங்களையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபாகும்.