சால்வடார் லூரியா

கூர்த்த அறிவினர்க்கு விளையாட்டுக் கூடமும் ஆய்வுக்கூடமே. இதற்குச் சான்றாக விளங்கியவர் சால்வடார் லூரியா.

இவர் 1912-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்நகரிலேயே மருத்துவம் பயின்று 1935-இல் பட்டம் பெற்றார். 1938-இல் முசோலினியின் அரசு யூதர்க்கு எதிராகக் கொடுஞ்சட்டங்கள் இயற்றவே, பாரிசு நகருக்குச் சென்று ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1940-இல் செருமானியப் படை அந்நகரை நெருங்கியது. லூரியா மிதிவண்டியில் ஏறித் தப்பினார். பல இன்னல்களைக் கடந்து, அவ்வாண்டே அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தார்.

பாக்டீரியா என்னும் நுண்கிருமிகளைத் தாக்கி அழிக்கும் வைரசுகள் உண்டு. அவற்றைப் பேஜ் என்பர். கோடிக்கணக்கான கிருமிகளோடு பேஜ்களைக் கலந்தால் ஏறக்குறைய எல்லாம் மடியும். மிகச் சில மட்டும் பிழைத்துப் பெருகும். அவற்றுக்கு அவ்வாற்றல் எங்ஙனம் வாய்த்தது? பகையைக் கண்டபின் பெற்றனவா? காணுமுன்னரே பெற்றிருந்தனவா? இவ்வினா லூரியாவின் உள்ளத்தை வாட்டியது.

1943-இல் அவர் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். ஒருநாள் ஆசிரியர்களின் நடன விழாவில், நண்பர் ஒருவர் காசு போட்டு ஆடும் சூதுப்பொறியில் ஆடக் கண்டார். பொறி பலமுறை ஒன்றும் தரவில்லை. திடீரென ஒருமுறை காசுகளைக் கொட்டியது. அக்காட்சியிலேயே தம் வினாவுக்கு விடை காணும் வழி அவருக்குப் புலப்பட்டது.

மறுநாளே ஆய்வு தொடங்கியது. பல குழாய்களில் தனித்தனியே கிருமிகளை வளர்த்து, ஒவ்வொரு குழாயின் கிருமிகளையும் பேஜ் பூசிய தட்டொன்றில் பரப்பினார். பகையைக் கண்டபின் ஆற்றல் பிறப்பதாயின், எல்லாத் தட்டுகளிலும் ஏறத்தாழ ஒரே தொகையினவே பிழைத்தல் வேண்டும். ஆனால் பல தட்டுகளில் ஒன்றும் பிழைக்கவில்லை. ஒருசிலவற்றில் மிகப் பல பிழைத்தன. பேஜைக் காணுமுன்னரே, தற்செயலாக மரபில் நேர்ந்த மாற்றத்தால் அவ்வாற்றல் தோன்றியிருந்தது. முன்னதாக மாறிய கிருமியின் வழித்தோன்றல்கள் பலவாயின. பின்னதாக மாறியதன் வழித்தோன்றல்கள் சிலவாயின. இதற்குரிய கணக்கை மாக்சு டெல்புரூக் வகுத்தார். இருவரும் அவ்வாண்டே இவ்வுண்மையை வெளியிட்டனர்.

1945-இல் டெமரெக் என்னும் அறிஞர் இம்முறையைக் கொண்டே பெனிசிலினை ஆராய்ந்தார். பேஜை வெல்லும் ஆற்றலைப் போன்றே மருந்தை வெல்லும் ஆற்றலும் தற்செயலாகத் தோன்றுவதெனக் கண்டார். அவ்வாற்றலைக் கிருமிகள் ஒன்றிடமிருந்து ஒன்று பெறுவதும் உண்டெனப் பின்னர் அறியப்பட்டது. மருந்து வலியற்ற கிருமிகளை அழிக்கின்றது. முன்னரே மாறிய கிருமிகளோ தடையின்றிப் பெருகுகின்றன. காசநோய்க்கு மருந்துகள் பலவற்றை ஒருங்கே வழங்குவதன் காரணமும் இதுவே. ஒன்றை வெல்லும் கிருமி மற்றொன்றால் மடியும். அனைத்தையும் வெல்லுமாறு மாறிய கிருமி தோன்றுதல் மிக அரிது.

1969-இல் டெல்புரூக், ஆல்பிரெட் ஹெர்ஷி ஆகியோருடன் லூரியா நோபல் பரிசு பெற்றார். போரை வெறுத்த அப்பெரியார், பரிசுப்பணத்தில் ஒரு பகுதியைப் போர் எதிர்ப்பு இயக்கங்களுக்கு ஈந்தார். 1991-இல் அவர் மறைந்தார். வேண்டாதபோது மருந்துண்பதும், வேண்டியபோது இடையில் நிறுத்துவதும் பகைக்கு இடங்கொடுப்பனவாம் என்பதை அவர் கண்ட உண்மை இன்றும் நமக்கு உணர்த்துகின்றது.