தலைகீழாகத் திருப்பிய மெட்டு... தாய்நாட்டை இழந்த ராக்மனினாஃபின் கதை!

விராலிமலை முருகன் கோயில் சதிர் ஆட்டத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த மரபில் வந்த முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சதிரில் வர்ணம் ஆடும்போது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவாங்க. ஆடுறவங்க அதே வரிக்கு ஒரு தடவை கோபம், ஒரு தடவை ஏக்கம், ஒரு தடவை கெஞ்சல்னு வேற வேற பாவம் காட்டுவாங்க.

மேற்கத்திய இசையிலும் இந்த விளையாட்டு உண்டு. ஒரு மெட்டை எடுத்து விதவிதமாக மாற்றி வாசிப்பதை 'வேரியேஷன்ஸ்' என்பார்கள். அதில் உலகமே கொண்டாடும் ஒன்றை எழுதியவர், ரஷ்யாவின் செர்கேய் ராக்மனினாஃப்.

1873-ல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவின் ஊதாரித்தனத்தால் சொத்தெல்லாம் போனது. மாஸ்கோ இசைக்கல்லூரியில் படித்து, 19 வயதிலேயே புகழ்பெற்ற பியானோ இசை ஒன்றை எழுதினார். ஆனால், 1897-ல் அரங்கேறிய அவருடைய முதல் சிம்பொனி படுதோல்வி. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மனுஷன் உடைஞ்சே போயிட்டார். கிட்டத்தட்ட மூணு வருஷம் எதுவும் பெரிதாக எழுதவில்லை. நிகோலாய் டால் என்ற மருத்துவர் ஹிப்னாடிஸ சிகிச்சை தந்து அவரை மீட்டார். அடுத்து எழுதிய இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை அந்த டாக்டருக்கே சமர்ப்பித்தார் ராக்மனினாஃப்.

அடுத்த அடி 1917 புரட்சி. அந்த டிசம்பரில், 44 வயதில், மனைவி, இரண்டு மகள்களோடு நாட்டை விட்டே கிளம்பினார். அவர் ஆசையாக இசை எழுதிய இவானோவ்கா பண்ணை வீடும் பறிபோனது. அமெரிக்காவுக்குப் போய், குடும்பத்தைக் காப்பாத்த ஊர் ஊராக பியானோ வாசித்தார். கைதட்டலும் பணமும் குவிந்தன. ஆனா, எழுதுறதுக்கு நேரமும் இல்ல, மனசும் இல்ல. ரஷ்யாவை விட்டு வந்த பிறகு 25 வருஷத்தில் அவர் எழுதிய புதிய படைப்புகள் ஆறே ஆறு!

அந்த ஆறில் ஒன்றுதான் 'பாகனினி மெட்டின் மீதான ராப்சடி'. பாகனினி, இத்தாலியின் வயலின் மேதை. சாத்தானிடம் ஆன்மாவை விற்றுத்தான் இப்படி வாசிக்கிறார் என்று ஊரே பேசும் அளவுக்குத் திறமைசாலி. 1820-ல் வெளியான அவருடைய 24 வயலின் துண்டுகளில் கடைசியில் வருவது அந்த மெட்டு. அரை நிமிஷம்கூட வராது. லிஸ்ட், பிராம்ஸ் என ஜாம்பவான்கள் ஏற்கெனவே பியானோவில் புரட்டி எடுத்துவிட்ட மெட்டு. இதுல புதுசா என்ன பண்ண முடியும்?

1934 கோடையில், சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் ஏரிக்கரையில் தான் கட்டிய வீட்டில் உட்கார்ந்தார் ராக்மனினாஃப். ஏழே வாரத்தில், பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக 24 வேரியேஷன்கள் தயார். அதில் 18-வதைக் கேட்டால் கண் கலங்கிடும். துள்ளும் வயலின் மெட்டை அப்படியே தலைகீழாக்கினார். ஏறுற இடத்தில் இறங்கி, இறங்குற இடத்தில் ஏறி, வேகத்தையும் குறைத்தார். சாத்தானின் மெட்டு, காதல் பாட்டாக மாறிவிட்டது!

அந்த நவம்பரில் பால்டிமோரில் அவரே பியானோ வாசிக்க, அரங்கேற்றம் அமோக வெற்றி.

இரண்டாம் உலகப்போரில் ரஷ்யா தவித்தபோது, கச்சேரி வசூலை அங்கே அனுப்பினார். ஆனால், ஊர் திரும்பவே இல்லை. 1943 மார்ச் 28-ல், 70-வது பிறந்தநாளுக்குச் சில நாள்கள் முன்பு, அமெரிக்காவிலேயே இறந்தார்.

வீடு போச்சு, நாடு போச்சு, எழுத்தும் நின்னு போச்சு. அப்படிப்பட்டவருக்குக் கைகொடுத்தது வேறொருத்தர் போட்ட பழைய மெட்டு. இன்னிக்கு ராத்திரி அந்த 18-வதை மட்டுமாவது கேட்டுப் பாருங்க. மூணு நிமிஷம்தான்!