சித்திரப்படச் செல்வர் வில்லியம் ஹன்னா

திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி, நெல்வயல் சூழ விளங்கும் ஊர் கான்சாபுரம். நெல் விளையும் ஊர்களில் அறுவடை முடிந்து குதிர் நிறைந்ததும் எலிகளும் வந்து குடியேறும். எலி வந்ததும் மக்கள் பூனையை நாடுவர். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்னும் பழமொழியின் பொருளை இத்தகைய ஊர்ச் சிறுவர்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும், அச்சிறுவரே தொலைக்காட்சியின் முன் அமரும்பொழுது அப்பழமொழி தலைகீழாய் மாறக் காண்பர். அங்கே கொண்டாட்டம் எலிக்கு, திண்டாட்டம் பூனைக்கு. விரைந்து துரத்தும் பூனை சுவரில் மோதி அப்பளம்போல் தட்டையாகும். மறுகணமே எழுந்து மீண்டும் துரத்தும். எலியோ வளைக்குள் புகுந்துகொண்டு நகைக்கும். அப்பூனையின் பெயர் டாம். எலியின் பெயர் ஜெர்ரி. அவற்றைப் படைத்த நண்பர் இருவருள் ஒருவர் வில்லியம் ஹன்னா. ஓவியம் வரைவதில் முறையான பயிற்சி பெறாத ஒருவர் சித்திரப்பட உலகில் பெரும்புகழ் எய்திய வரலாறே அவர்தம் வரலாறு.

ஹன்னா 1910ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூ மெக்சிகோ பகுதியில் மெல்ரோஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் இருப்புப்பாதை, குடிநீர்க் குழாய் முதலியன அமைக்கும் பணிகளை மேற்பார்த்து வந்தவர். வேலை நடக்கும் இடமே வாழும் இடம் ஆதலின் குடும்பம் ஊர் ஊராய்ப் பெயர்ந்தது. தந்தையார் அணை கட்டும் பணியை ஏற்றதால் ஒரிகன் மாநிலத்திலும் சில காலம் வாழ்ந்தனர். 1919இல் கலிபோர்னியா மாநிலத்து வாட்ஸ் என்னும் பகுதியில் குடியேறினர். அங்கு ஹன்னா சாரணர் இயக்கத்தில் சேர்ந்தார்; சாக்சபோன் என்னும் ஊதுகருவியையும் வாசித்துப் பழகினார். இசையால் அமைந்த தாள உணர்வு பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்தபின், கல்லூரியில் இதழியலும் கட்டடப் பொறியியலும் பயின்றார். அந்நாளில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி தாக்கியது. ஆலைகள் மூடப்பெற்றன, உழைக்க விரும்பியோர்க்கும் வேலை இல்லை. ஹன்னா கல்லூரியை இடையிலேயே விட நேர்ந்தது. ஹாலிவுட்டில் ஓர் அரங்கம் எழுப்பும் பணியில் சேர்ந்தார், அதுவும் நிலைக்கவில்லை. பின்னர் உந்துவண்டிகளைக் கழுவும் தொழிலையும் மேற்கொண்டார். எத்தொழிலையும் இழிவென்று அவர் ஒதுக்கவில்லை. 1930இல் ஹார்மன், ஐசிங் என்னும் இருவர் நடத்திய சித்திரப்பட நிலையத்தில், பிறர் வரைந்த படங்களுக்கு மையிட்டு வண்ணம் தீட்டும் பிரிவில் அவருக்கு இடம் கிடைத்தது. உழைப்பால் உயர்ந்து அப்பிரிவின் தலைவரானார். படங்களுக்குப் பாடல்களும் எழுதினார்.

1937இல் எம்.ஜி.எம். என்னும் புகழ்பெற்ற படநிலையம் தனக்கெனச் சித்திரப்படப் பிரிவொன்றைத் தொடங்கியது. ஹன்னா அங்குச் சேர்ந்தார். நியூயார்க்கிலிருந்து ஜோசப் பார்பெரா என்னும் இளைஞரும் அவ்வாண்டே அங்கு வந்து சேர்ந்தார். பார்பெரா மின்னல் விரைவில் வரைய வல்லவர். வேடிக்கை நிகழ்ச்சிகளைக் கற்பனை செய்வதிலும் தேர்ந்தவர். ஹன்னாவோ நிகழ்ச்சிகளைக் காலத்தோடு பொருத்துவதில் வல்லவர். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. தம் குறையை ஹன்னா மறைக்கவும் இல்லை. நண்பரின் நிறையைக் கண்டு அழுக்காறு கொள்ளவும் இல்லை. இருவரும் இணைந்து உழைக்கத் தொடங்கினர்.

காலத்தோடு பொருத்துதலாவது யாது? திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஏழு நிமிடம் ஓடும் படத்திற்குப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் வேண்டும். பூனை ஓடிவந்து மாடியின் விளிம்பைக் கடந்துவிடுகிறது எனக் கொள்வோம். அது உடனே விழுந்துவிட்டால் நகைப்புப் பிறவாது. வெறுவெளியில் சற்றே நின்று, கீழே நோக்கி, தன் நிலையை உணர்ந்து, அதன்பின் விழுதல் வேண்டும். அந்நிற்றல் எத்தனை படங்கள் நீடிக்கலாம் என்பதே வினா. குறைந்தால் காண்போர்க்கு விளங்காது. மிகுந்தால் சலிப்புத் தோன்றும். இக்கணக்கை அளந்து வகுப்பதே ஹன்னாவின் பணி. ஸ்காட் பிராட்லி என்னும் இசையமைப்பாளர் அவ்வளவிற்கு ஏற்ப இசையமைத்தார். டாம் அடிபடும்பொழுது எழும் அலறலோ ஹன்னாவின் சொந்தக் குரலே.

பூனையும் எலியும் பகைத்தாடும் கதையை இருவரும் முன்வைத்தபோது, பழகிப்போன பொருள் இது எனப் பலர் மதிக்கவில்லை. எனினும் 1940ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் முதற்படம் வெளிவந்தது. இன்னுமொரு பொருளை உடைத்தால் வீட்டைவிட்டுத் துரத்தப்படுவாய் எனப் பணிப்பெண் பூனையை எச்சரிக்கிறாள். அதனை அறிந்த எலி, கண்ணாடிக் கலங்களைத் தள்ளிவிடுவதாக அச்சுறுத்திப் பூனையை ஆட்டிப்படைக்கிறது. முடிவில் பூனை வெளியேற்றப்படுகிறது. படத்தின் முகப்பில் ஹன்னா, பார்பெரா பெயர்கள் இடம்பெறவில்லை. தயாரிப்பாளர் பிரெட் குவிம்பியும் இத்தகைய படம் இன்னொன்று வேண்டியதில்லை எனக் கருதினார். ஆனால் படம் ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பெற்றது. டெக்சாஸ் மாநிலத்துத் திரையரங்கத் துறையைச் சார்ந்த பெண்மணி ஒருவர், இப்பூனை எலிப் படங்கள் மேலும் வருமா என வினவிக் கடிதம் எழுதினார். குவிம்பி மனம் மாறினார். பெயர் சூட்டப் பணியாளரிடையே ஒரு போட்டி நடந்தது. அதன் பயனாகவே டாம், ஜெர்ரி என்னும் பெயர்கள் அமைந்தன.

1940 முதல் 1958 வரை, இருவரும் இயக்கிய 114 டாம்-ஜெர்ரிப் படங்கள் வெளிவந்தன. அவற்றுள் ஏழு ஆஸ்கார் பரிசு பெற்றன. பரிசு மேடையில் ஏறி அவற்றைப் பெற்றவரோ தயாரிப்பாளரே. படைத்தவர் இருவரும் அதனால் மனம் தளராது அடுத்த படத்தில் கருத்தூன்றினர்.

அவர்கள் படைப்பில் குறையே இல்லை என்பதற்கில்லை. தொடக்கக் காலப் படங்கள் சிலவற்றில் கறுப்பின மக்கள் இழிவு தோன்றச் சித்திரிக்கப்பெற்றனர். அது பெருந்தவறு என்பதைப் பிற்காலத்தார் எடுத்துக்காட்டினர். அன்றியும், சித்திரத்தில் பட்ட அடி நொடியில் ஆறும். மெய்யுடலில் பட்ட அடி அவ்வாறு ஆறாது. இவ்வேறுபாட்டை உணர்ந்தே இப்படங்களைக் கண்டு மகிழ்தல் வேண்டும்.

1957இல் பேரிடி ஒன்று விழுந்தது. பழைய படங்களை மீண்டும் வெளியிட்டாலே போதிய வருவாய் கிடைக்கும் எனக் கண்ட எம்.ஜி.எம். நிலையம் சித்திரப்படப் பிரிவை மூடியது. இருபதாண்டு உழைத்த ஹன்னா, நாற்பத்தாறாம் அகவையில் வேலை இழந்தார். அவரோடு உழைத்தோரும் வாழ்வு இழந்தனர். நண்பர் இருவரும் கலங்கி அமர்ந்தாரல்லர். தம் பெயராலேயே புதிய நிறுவனம் ஒன்றை நிறுவித் தொலைக்காட்சிக்குப் படம் எடுக்க முற்பட்டனர். தொலைக்காட்சியார் அளித்த பொருளோ முன்பு செலவிட்டதில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆகவே, உடலை அசைக்காது வாயையும் கண்ணையும் மட்டும் அசைத்து, வரையும் படங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் முறையைக் கையாண்டனர். பழைய படங்களின் நயம் இவற்றில் இல்லை எனக் குறை கூறியோரும் உண்டு. எனினும் அம்முறையால் பலர் மீண்டும் வேலை பெற்றனர். 1960இல் தொடங்கிய பிளின்ட்ஸ்டோன்ஸ் என்னும் தொடர், பெரியோரும் விரும்பிக் காணும் மாலை வேளையில் சித்திரப்படத்திற்கு இடம் தேடித் தந்தது.

ஹன்னா 2001ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள், தம் தொண்ணூறாம் அகவையில், கலிபோர்னியாவில் இயற்கை எய்தினார். பார்பெரா 2006இல் மறைந்தார். அறுபதாண்டுக்கு மேல் நீடித்தது அவர்தம் நட்பு.

திரையில் ஓயாப் பகையைக் காட்டியவர் ஓயா நட்பில் வாழ்ந்தனர் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு. எலியைப் பூனை பெரும்பாலும் வென்றதில்லை. ஆயினும் அது துரத்துவதை விடவும் இல்லை. ஹன்னாவும் கல்லூரி இழந்தார், தொழில் இழந்தார். முயற்சியை மட்டும் இழந்தாரில்லை. டாமும் ஜெர்ரியும் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆதலின் ஆங்கிலம் அறியாத கான்சாபுரத்துச் சிறுவனும் மொழிபெயர்ப்பின்றிச் சிரிக்கின்றான். அச்சிரிப்பு எழும் கணத்தை, அவன் பிறப்பதற்குப் பல்லாண்டு முன்னரே, கடல் கடந்த நாட்டில் அமர்ந்து ஒருவர் கணக்கிட்டு வைத்தார். அவரே வில்லியம் ஹன்னா.