எந்த வரியில் இருக்கு?

அரையாண்டுப் பரீட்சையில் சீவக சிந்தாமணியை எழுதியவர் உ.வே.சா.ன்னு எழுதிட்டேன். மார்க் போச்சு. பாடத்தில் அது எந்த வரியில் இருக்குன்னு தமிழய்யா கேட்டார். தேடினேன், இல்லவே இல்லை. எழுதியவர் திருத்தக்கதேவர். உ.வே.சா. அதைப் பதிப்பித்தவர். பதிப்பிக்கிறது அப்படி என்ன பெரிய வேலைன்னு நினைச்சேன். அவர் வாழ்க்கையைப் படிச்ச பிறகு அப்படி நினைக்கல. நண்பர்களே, நான் படிச்சதை எழுதுகிறேன்.

உ.வே. சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ல் பிறந்தார். சொந்த ஊர் உத்தமதானபுரம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்றார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அதே வருஷம் அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சிந்தாமணி படிச்சிருக்கீங்களா என்று விசாரித்தார். இவர் படித்ததில்லை. காலேஜ் வாத்தியார் இல்லைன்னு ஒத்துக்கிறது சாதாரண விஷயமா?

அது சமண நூல். பல சொற்கள் புரியவில்லை. தானா ஒரு அர்த்தம் சொல்லிக்கொள்ளாமல், ஊரில் இருந்த ஜைனர் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டார்.

ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டாங்க. எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும். ‘எரி’ன்னு எழுதியிருந்தா அது நெருப்பா, தண்ணி நிக்கிற ஏரியா? ஒரு சுவடியை மட்டும் பார்த்தா தெரியாது. அதனால் பல ஊர்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். வரி வரியாக ஒப்பிட்டு, வேறுபட்ட பாடங்களைக் குறித்து வைத்தார். சிந்தாமணி 1887-ல் அச்சாகி வந்தது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது குறிஞ்சிப்பாட்டு விஷயம். அதில் கபிலர் 99 பூக்களைச் சொல்கிறார். கிடைத்த சுவடிகளில் சில பூக்களைக் காணோம். நானா இருந்தா மல்லிகை, கனகாம்பரம்னு போட்டு நிரப்பியிருப்பேன். யாருக்குத் தெரியப் போகுது? அவர் அப்படிச் செய்யல. தருமபுரம் மடத்தின் பழைய ஏடுகளில் தேடி, விடுபட்ட வரிகளைக் கண்டுபிடித்தார். பத்துப்பாட்டு 1889-ல் வெளிவந்தது. பிறகு சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898.

புத்தகம் வந்ததோட வேலை முடியல. புதுசா ஏடு கிடைச்சா மறுபடி ஒப்பிடுவார். 1907-ல் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பைத் திருத்தங்களோடு வெளியிட்டார். 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தந்தது. 1942 ஏப்ரல் 28-ல் காலமானார். அவர் சேர்த்த ஏடுகள் சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூலகத்தில் இருக்கின்றன.

போன வாரம் எங்க நோட்ஸையும் பாடநூலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். செய்யுள் பகுதியில் மட்டும் நோட்ஸில் 3 இடம் தப்பு. அய்யாவிடம் வரியோடு காட்டினேன். சரிதான்னு சொன்னார். அரையாண்டு மார்க்கை மட்டும் மாத்தல.