மூச்சை அளந்து காட்டிய ஜான் ஹட்சின்சன்



பெரிய ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருப்பவரின் கட்டில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கருவியைப் பார்த்திருப்பீர்கள். மூன்று அறை, அறைக்கு ஒரு பந்து, ஒரு குழாய், வாயில் வைக்க ஒரு முனை. பார்க்கத் திருவிழாக் கடை பொம்மை மாதிரிதான் இருக்கும். ஆனால் இது பொம்மை இல்லீங்க. இன்சென்டிவ் ஸ்பைரோமீட்டர் என்று பெயர். இதன் வம்சாவளியைத் தேடிப் போனால், 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் வேலை பார்த்த ஒரு டாக்டரிடம் போய் நிற்போம். அவர்தான் ஜான் ஹட்சின்சன். டாக்டர் என்றாலும் அவர் செய்து முடித்தது நம்ம ஒர்க்‌ஷாப் வேலை. அதனால்தான் நம் ஆண்டு மலரில் அவருக்கு ஓர் இடம்.

ஹட்சின்சன் 1811ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடக்கே, நியூகாசில் நகருக்கு அருகில் உள்ள ரைட்டன் என்ற ஊரில் பிறந்தார். லண்டனில் மருத்துவம் படித்தார். பிறகு பிரிட்டானியா என்ற ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்கு மருத்துவராக இருந்தார். பாலிசி கேட்டு வருபவரின் நுரையீரல் நன்றாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டிய பொறுப்பு. காசநோய் ஆட்டிப் படைத்த காலம் அது. எக்ஸ்ரே கிடையாது. மார்பைத் தட்டிப் பார்ப்பது, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது, அவ்வளவுதான். ஒரு டாக்டர் காதுக்குக் கேட்டது இன்னொரு டாக்டர் காதுக்குக் கேட்காது. காதை நம்பாமல் ஒரு எண் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார் ஹட்சின்சன்.

அவர் செய்த கருவி ரொம்ப எளிமை. தண்ணீர் நிரப்பிய ஒரு பாத்திரம். அதற்குள் கவிழ்த்து வைத்த ஓர் உருளை. குழாய் வழியாக ஊதினால் மூச்சுக்காற்று உருளைக்குள் போய் அதை மேலே தூக்கும். எவ்வளவு ஏறியது என்பதை ஸ்கேலில் படிக்க வேண்டியதுதான். உருளையின் பாரம் காற்றை அமுக்கிவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்காகத்தான் கப்பியில் கயிறு மாட்டி எதிர்எடை தொங்கவிட்டார். உடம்புச் சூட்டோடு வரும் காற்று குளிர்ந்தால் சுருங்கும் அல்லவா? அதற்கும் வெப்பமானி வைத்துக் கணக்கைத் திருத்தினார். மூச்சை அளக்கும் முயற்சி அவருக்கு முன்பும் நடந்தது உண்டு. ஆனால் யார் அளந்தாலும் ஒரே விடை வரும்படி முறைப்படுத்தியவர் இவர்தான்.

கருவி செய்ததோடு நிற்கவில்லை. மாலுமிகள், தீயணைப்புப் படையினர், போலீஸ்காரர்கள், சிப்பாய்கள், அச்சுத் தொழிலாளர்கள், குத்துச்சண்டை வீரர்கள், ஏழைகள் என்று 2130 பேரை ஊத வைத்து அளந்தார். முடிவுகளை 1846இல் வெளியிட்டார். முழு மூச்சு இழுத்து, முடிந்த மட்டும் வெளியே விடும் காற்றின் அளவுக்கு அவர் வைத்த பெயர் வைட்டல் கெப்பாசிட்டி. இன்றைக்கும் அதே பெயர்தான். உயரம் ஓர் அங்குலம் கூடினால் இந்த அளவு 8 கன அங்குலம், அதாவது சுமார் 130 மில்லி லிட்டர் கூடுகிறது என்று கண்டார். அப்படியானால் ஒருவர் உயரத்துக்கு வேண்டிய அளவு வராவிட்டால் உள்ளே ஏதோ கோளாறு. ஃப்ரீமன் என்ற அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர், ஆறடிக்கும் மேல் வளர்ந்தவர், 1842இல் 434 கன அங்குலம் ஊதினார். பின்னால் அளந்தபோது நன்றாகக் குறைந்துவிட்டது. 1845இல் அவர் காசநோயால் இறந்தார்.

இவ்வளவு செய்தும் காப்பீட்டுக் கம்பெனிகள் கருவியை விரிவாக ஏற்றுக்கொள்ளவில்லை. 1852இல் ஹட்சின்சன் குடும்பத்தை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, விக்டோரியாவின் தங்க வயல் பக்கம் போனார். 1861இல் பிஜித் தீவுக்குச் சென்றவர் அதே ஆண்டு அங்கேயே இறந்தார். ஆள் போய்விட்டார். கருவி போகவில்லை.

அவர் முடிவுகளை வெளியிட்ட அதே 1846இல்தான் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் கொடுத்துப் பலர் முன்னிலையில் ஆபரேஷன் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகு வயிற்றையும் மார்பையும் திறக்கும் பெரிய ஆபரேஷன்கள் பெருகின. கூடவே புதுத் தொல்லையும் வந்தது. மயக்க மருந்தின் விளைவும் தையல் வலியும் சேர்ந்து நோயாளியை மேலோட்டமாக மூச்சுவிட வைக்கும். ஊதாத பலூன் மாதிரி நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கும். சளி தேங்கும். நிமோனியா வரும். இப்படி நுரையீரல் சுருங்குவதை லண்டன் டாக்டர் வில்லியம் பாஸ்டர் 1908இலேயே விளக்கினார்.

மருந்தாக முதலில் ஊதத்தான் சொன்னார்கள். ஒரு பாட்டில் தண்ணீரை இன்னொரு பாட்டிலுக்கு ஊதித் தள்ள வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க சர்ஜன் ராபர்ட் பார்ட்லெட் குழுவினர் இதைத் திருப்பிப் போட்டார்கள். சுருங்கிய அறை விரிய வேண்டுமானால் காற்று உள்ளே போக வேண்டும், ஆகவே ஆழமாக இழுப்பதுதான் முக்கியம் என்றார்கள். ஹட்சின்சன் வெளியே விட்ட மூச்சை டாக்டருக்குக் காட்டினார். இந்தக் கருவி உள்ளே இழுக்கும் மூச்சை நோயாளிக்கே காட்டுகிறது. பந்து ஏறுவதைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் இழுப்போம் என்று ஆசை வரும். அந்தத் தூண்டுதல்தான் இன்சென்டிவ்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். பந்து காட்டுவது காற்று ஓடும் வேகத்தை, கொள்ளளவை அல்ல. வெடுக்கென்று இழுத்தால் மூன்று பந்தும் குதிக்கும், பலன் இருக்காது. மெதுவாக, நீளமாக இழுத்து, சுமார் மூன்று விநாடி நிறுத்தி, பிறகு விட வேண்டும். கருவி மட்டும் கவசம் ஆகிவிடாது என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தையலைத் தலையணையால் அணைத்துக்கொண்டு இருமிச் சளியைத் துப்புவதும், டாக்டர் சொன்னவுடன் எழுந்து நடப்பதும் சேர்ந்தால்தான் நல்லது.

ஆகவே நண்பர்களே, நம் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் நடந்தால் அந்த டப்பாவைக் குழந்தைகள் விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். வலிக்குது, அப்புறம் பார்க்கலாம் என்று அப்பாவோ அம்மாவோ சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்து இழுக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத மூச்சுக்கும் ஒரு ஸ்கேல் போட முடியும் என்று காட்டிய ஹட்சின்சனுக்கு, கருவிகளோடு பழகும் நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.